நாலு வரி மேலே படியுங்கள்

இந்த வாரக் கடிதம் மலேசியாவின் பேரா மாநிலத்துத் தென்பகுதியிலிருந்து வந்தது. சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை), ஓர் ஆலை, இரண்டு வரிசைக் கடைவீடு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில். இப்படிச் சொன்னால் பாதிப் பேராவுக்குப் பொருந்தும், ஆகவே ஊர் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடிதம் எட்டுப் பக்கம். ஐந்தாம் பக்கம் வரை நீல மை, அப்புறம் சிவப்பு. பையனின் பேனாவாக இருக்க வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 46. பள்ளி கேண்டீனில் சமையல், சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). கணவர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார், 2,500 வெள்ளி. அவர் இந்து. மனைவி சபைக்குப் போவதை ஒருநாளும் தடுத்ததில்லை. பெரிய பெண் பொலிடெக்னிக்கில், பையன் இடைநிலைப் பள்ளி மூன்றாம் படிவத்தில். பதினொரு வருடத்துக்கு முன் பையன் டிங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, டயர் கடைக்கு மேல்மாடியில் கூடும் ஒரு சிறு சபையிலிருந்து நாலு பேர் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். "அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். அந்த ராத்திரிக்காகத்தான் இன்னமும் போகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

ஆரம்பத்தில் ஞாயிறு மட்டும். இப்போது செவ்வாய் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம், சனிக்கிழமை சபையைக் கூட்டித் துடைப்பதும் பாடல் பயிற்சியும், ஞாயிறு காலையிலிருந்து மூன்று மணி வரை. ஆராதனை முடிவில் வராதவர்கள் பெயர் வாசிக்கப்படும். பிடித்தம் போவதற்கு முந்தைய முழுச் சம்பளத்துக்குத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கணவர் சம்பளத்துக்கும் சேர்த்து, அவருக்குத் தெரியாமல். மாதம் 420 வெள்ளி. பெண்ணின் படிப்புச் செலவுக்கு ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து 800 வெள்ளி எடுத்தபோது அதற்கும் 80 கேட்டு வாங்கியிருக்கிறார்கள். போன வருடம் ஓர் எழுப்புதல் கூட்டத்தில், பாட்டு ஓங்கி எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரத்தில், கட்டட நிதிக்கு 10,000 வெள்ளி என்று பொருத்தனை (நேர்த்தி) அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார். இதுவரை 3,200 கட்டியிருக்கிறார். அதில் 1,500, இரண்டு மாதத்துக்கு முன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தது. கல்யாணத்தில் அம்மா போட்ட சங்கிலி.

அந்த அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. விக்கிரக ஆராதனைச் சடங்கில் நிற்கக்கூடாது என்று பாஸ்டர் சொன்னதால், இவர் கூடாரத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் வாய்க்கரிசித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து இவர் முன்னால் நீட்டினாராம். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது ஐயா. அதை மட்டும்தான் பார்த்தேன்." அன்றிலிருந்து அண்ணன் பேசுவதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு ஞாயிறு சபைக்கு வராததற்காகப் பாடல் குழுவிலிருந்தும் இவரை எடுத்துவிட்டார்கள்.

கேள்விகள் மூன்று. பொருத்தனையை முடிக்காவிட்டால் பிள்ளைகளுக்குச் சாபம் வருமா? இந்தச் சபையை விட்டால் ஆண்டவரை விட்டதாகுமா? விஷயம் பாதி தெரிந்துவிட்ட கணவர், பணத்தைத் திருப்பிக் கேட்போம், போலீசுக்குப் போவோம், பேஸ்புக்கில் போடுவோம் என்கிறார், அது சரியா?

எட்டாம் பக்கத்தில், கையெழுத்துக்கும் கீழே, இடுக்கி எழுதிய ஒரு வரி: "இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது, சுகம் கிடைத்துவிட்டது என்று அறிக்கை பண்ணச் சொன்னார்கள். பாதம் மரத்த மாதிரி இருக்கு. அது ஒன்றுமில்லை."

சகோதரி,

நான் ஐயா இல்லை, அம்மா. பல வருடமாகப் பலரும் ஐயா என்றே எழுதுகிறார்கள், பழகிவிட்டது. நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கலாம்

நான் ஆலோசகர், டாக்டர் இல்லை. ஆனால் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவருக்குப் பாதம் மரத்துப் போனால் அதை "ஒன்றுமில்லை" என்று விடக்கூடாது என்பதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நரம்பைக் கெடுக்கும். முள் குத்தினாலும் தெரியாது, தெரியாத காயம் புண்ணாகும், ஆறாத புண் காலை எடுக்கும் வரைக்கும் கொண்டுபோகும். உங்கள் சபையில் மாடிப்படியின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டயர் கடைக்கு மேலே, வெறுங்காலோடு, உணர்ச்சியில்லாத பாதத்தோடு! இன்றைக்கு ராத்திரி உங்கள் பெண்ணை விளக்கைப் பிடிக்கச் சொல்லி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். திங்கட்கிழமை அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். கட்டணம் ஒரு வெள்ளி. "ஐந்து மாதமாக மாத்திரை போடவில்லை, உபவாசமும் இருந்தேன், பாதம் மரக்கிறது" என்று மூன்றையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். பழைய மாத்திரையை நீங்களாகவே எடுத்துப் போட ஆரம்பிக்கவும் வேண்டாம், ரத்தம் பார்த்து அவர்கள் அளவு சொல்லட்டும். அதுவரை உபவாசம் கிடையாது.

இது அவிசுவாசமா? அப்போஸ்தலன் பவுலைவிட விசுவாசமுள்ளவர்கள் உங்கள் மாடியில் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பவுல் தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாக விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார். சுகமாகிவிட்டான் என்று அறிக்கை பண்ணவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். ஜெபமும் மருந்தும் அவர்களிடத்தில் சண்டை போடவில்லை.

உங்களை மாத்திரையை நிறுத்தச் சொன்னவரிடம் இதைப்பற்றி வாதாட வேண்டாம். கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து சொன்னால் போதும். இந்த ஒன்றில் மட்டும் யாருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை.

பத்தில் ஒன்று

நானும் தசமபாகம் கொடுக்கிறவள்தான், அதைக் கேலி செய்ய உட்காரவில்லை. சின்ன ஊரில் தனிச் சபை நடத்தும் ஊழியக்காரர்களுக்கு மாதச் சம்பளமோ ஈபிஎஃப்போ இருப்பது அரிது. கடை வாடகையும் மின்சார பில்லும் காணிக்கையில்தான் போகிறது. சுவிசேஷத்தை அறிவிக்கிறவன் அதனால் பிழைக்கலாம் என்று வேதமே சொல்கிறது. நீங்கள் கொடுத்தது தப்பில்லை. அதை உங்களிடமிருந்து வாங்கிய விதம்தான் எனக்கு உறுத்துகிறது.

உங்களிடம் மல்கியா மூன்றாம் அதிகாரத்தை வாசித்திருப்பார்கள், மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா என்று கேட்கும் எட்டாம் வசனத்தை. வேதப் புத்தகத்தை எடுங்கள், மூன்று வசனம் மேலே போங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவனுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனுக்கும் விரோதமாக நான் சாட்சி சொல்வேன் என்று அதே கர்த்தர் அங்கே பேசுகிறார். எட்டாம் வசனத்தைத் தோட்டத்துச் சனங்களிடம் வாசிக்கிறவர் ஐந்தாம் வசனத்தையும் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம்மில் பாதிப்பேர் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைகள்.

அந்தத் தசமபாகம் என்னவாக இருந்தது என்றும் பாருங்கள். இஸ்ரவேலில் அது நிலத்து விளைச்சலிலும் மந்தையிலும் எடுத்தது. உபாகமம் 14-இல், அதைக் குடும்பத்தோடு கொண்டுபோய் ஆண்டவர் சந்நிதியில் சந்தோஷமாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருடம் அது லேவியனுக்கும் அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. இன்றைய நிலைமையில் அந்த மூன்றாம் வருடத்தில் உங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை வந்திருக்க வேண்டும், உங்கள் வீட்டிலிருந்து சங்கிலி போயிருக்கக்கூடாது. புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்குப் பவுல் கொடுத்த அளவு இது: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே. இன்னோரிடத்தில், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்கிறார்.

அப்புறம் அந்த ஈபிஎஃப் கணக்கு. 1,700 வெள்ளியில் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, உங்கள் கைக்கு வருமுன்பே சேமநிதிக்குப் போகிறது. முழுச் சம்பளத்துக்கு 170 கொடுத்தபோது அந்த 187-க்கும் சேர்த்தே கொடுத்துவிட்டீர்கள். அதையே எடுக்கும்போது மறுபடியும் பத்தில் ஒன்று என்றால் ஒரே குலைக்கு இரண்டு முறை எடை போடுவது மாதிரி. இல்லை, முதலாளி போட்ட பங்குக்குக் கொடுக்கவில்லையே என்று கேட்பார்கள். கேட்கட்டும். வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் தசமபாகக் கணக்குப் பார்த்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களிடம் இயேசு என்ன சொன்னார் என்பதைச் சமையலறையில் நிற்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, வருத்தப்படாதீர்கள். கணவருக்குத் தெரியாமல் அவர் சம்பளத்திலிருந்து மாதம் 250 வெள்ளி எடுத்தது சரியில்லை. ஆண்டவருக்குத்தானே என்றால் சரியாகிவிடாது. பாஸ்டர் சொன்னார், உண்மைதான், ஆனால் எடுத்தது நீங்கள். அவருக்குப் பாதிதான் தெரியும் என்கிறீர்கள். மீதிப் பாதியையும் நீங்களே சொல்லிவிடுங்கள், சங்கிலியையும் சேர்த்து. வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு டயர் கடை அஞ்சடியில் (கடை முன்நடையில்) மோட்டாரில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருக்கிற மனுஷன் அவர், அதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். கோபப்படுவார். கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தனை அட்டை

"நீ தேவனுக்கு ஒரு பொருத்தனை பண்ணிக்கொண்டால் அதைச் செலுத்தத் தாமதியாதே" என்ற பிரசங்கி ஐந்தாம் அதிகாரத்து வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்றீர்கள். இதற்கும் அதே மருந்துதான், இரண்டு வசனம் மேலே போங்கள். தேவசமுகத்தில் வாயினால் துணிகரமாய்ப் பேசாமலும் மனம் பதறி வார்த்தை சொல்லாமலும் இரு என்று எச்சரிக்கை இருக்கிறது. பாட்டை ஓங்கவிட்டு, அழவைத்து, பக்கத்து வீட்டுக்காரி 8,000 எழுதுவதைப் பார்க்கவைத்து, கையில் பேனாவைத் திணிப்பது அந்த வசனத்தை மீறவைப்பதற்கு நல்ல ஏற்பாடு. இரண்டாம் வசனத்தை மீறவைத்தவர்கள் நாலாம் வசனத்தைக் காட்டி வசூல் பண்ணுகிறார்கள்.

நியாயப்பிரமாணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. லேவியராகமம் 27-இல், பொருத்தனை பண்ணினவன் தொகையைக் கட்ட முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியனிடம் போக வேண்டும், ஆசாரியன் அவனுடைய திராணிக்கு ஏற்றபடி மதிப்பைக் குறைக்க வேண்டும். ஆசாரியனின் வேலை அங்கே குறைப்பது. சாபம் என்று மிரட்டச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை, கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டார் என்று கலாத்தியரில் எழுதியிருப்பதை நம்பித்தானே ஞானஸ்நானம் எடுத்தீர்கள்? 6,800 வெள்ளி பாக்கிக்காக அது ரத்தாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதற்கு வசனம் கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுக்கிற வாக்குறுதி, சில விதிவிலக்குகளைத் தவிர, செல்லாது. பொருத்தனை அட்டையில் கையெழுத்துப் போட்டதால் மட்டும் நீங்கள் கடன்காரி ஆகிவிடவில்லை. அதேபோல் உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், விரும்பிக் கொடுத்த காணிக்கையைத் திரும்ப வாங்குவது லேசில்லை. கொடுத்த 3,200-ஐப் போனதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் மிரட்டல் வந்தால் மட்டும் அதை வைத்துக்கொண்டு சட்ட உதவித் துறையிலோ ஒரு வழக்கறிஞரிடமோ காட்டலாம்.

சங்கிலி போனதாக இருக்க வேண்டியதில்லை. அடகுச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். உரிமம் உள்ள அடகுக்கடையில் மீட்க ஆறு மாதம் தவணை, வட்டி மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. 1,500-க்கு மாதம் 30, ஆறு மாதத்துக்கு 180, ஆக 1,680. இரண்டு மாதம் போய்விட்டது, மீதி நான்கு. நீங்கள் மாதாமாதம் கொடுத்துவந்த 420-ஐ நான்கால் பெருக்கிப் பார்த்தேன். 1,680. சத்தியமாக நான் இட்டுக்கட்டவில்லை, வேண்டுமானால் பையனைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு மாதம் காணிக்கைப் பையில் மனதார ஐந்தோ பத்தோ போடுங்கள், அந்த 420 சங்கிலிக்குப் போகட்டும். ஆண்டவருக்குச் சேர வேண்டியதைப் பெற்றோருக்குக் கொடுக்கக்கூடாது என்று கொர்பான் சட்டம் பேசினவர்களை இயேசு விட்டுவைக்கவில்லை, மாற்கு ஏழில் இருக்கிறது. அம்மாவின் சங்கிலி அந்தக் கணக்கில் வரும் என்று நான் நினைக்கிறேன்.

பெரட்டுக்களம்

வராதவர்கள் பெயரை வாசிப்பதைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. என் தாத்தா தோட்டத்து லயத்து வீட்டில் வாழ்ந்தவர், பால்மரம் வெட்டினவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளர்கள் கூடும் திடலில், பெயர் கூப்பிடுவார்கள், பதில் வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. வேலையை விட்டு இருபது வருடம் கழித்தும் யாராவது சத்தமாகத் தன் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்றுவிடுவார். பயம் அப்படி உடம்பில் உட்கார்ந்துவிடும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்து, வெள்ளிக்கிழமை போகாததை நினைத்துக் கை வியர்க்கிறது என்கிறீர்களே, அது தேவபயம் என்று நான் நினைக்கவில்லை. தாத்தா எழுந்து நின்றாரே, அந்தப் பயம். (தூக்கமில்லாத ராத்திரி தொடர்ந்தால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் பேசலாம். திங்கட்கிழமை டாக்டரிடமும் சொல்லுங்கள்.)

சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற வசனத்தை வைத்துத்தான் அந்தப் பெயர் வாசிப்பு. அதற்கு முந்தைய வசனம் ஒருவரையொருவர் கவனியுங்கள் என்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வாரத்தில் சபையிலிருந்து எத்தனை பேர் வந்து பார்த்தார்கள்? உங்கள் கடிதத்தில் தேடினேன், ஒருவரும் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அதே சபைதான். அந்த நாலு பேரில் யாராவது இன்னும் அங்கே இருந்தால், பாஸ்டரிடம் பேசுமுன் அவரிடம் பேசுங்கள்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்பதும் அடிக்கடி வருகிறதாம். சங்கீதம் 105. மேலே இருக்கிற வசனத்தில் கர்த்தர், ஆபிரகாம் வீட்டார் நாடோடிகளாகத் திரிந்தபோது அவர்களை ஒருவரும் ஒடுக்க விடாமல் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனைக் காக்க எழுதினது அது. அபிஷேகம் பெற்ற தாவீதை நாத்தான் முகத்துக்கு நேரே கேட்டார், பேதுருவைப் பவுல் கேட்டார். கேள்வி கேட்பது தொடுவது ஆகாது.

கூடாரத்தின் ஓரத்தில்

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. வாய்க்கரிசி போடுவதா கூடாதா என்பதில் நல்ல விசுவாசிகளே இரண்டு விதமாக இருக்கிறார்கள். அது பெற்றவளுக்குக் கடைசி உபசாரம் என்று போடுகிறவர்கள் உண்டு, மனசாட்சி இடம் கொடுக்காமல் கைகட்டி நிற்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மனசாட்சி என்ன சொன்னது என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை, பாஸ்டர் சொன்னதுதான் இருக்கிறது. குஷ்டம் நீங்கின நாகமான் எலிசாவிடம், என் எஜமான் என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் பணியும்போது நானும் குனிய வேண்டிவருமே, கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்றார், அவ்வளவுதான்.

உள்ளே போய்ச் சடங்கு எதுவும் செய்யாமல் அம்மாவின் காலைத் தொட்டுக்கொண்டு அண்ணன் பக்கத்தில் நின்றிருக்கலாம். அப்படி ஓர் இடம் இருந்தது, அதை யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. என் தாத்தா இறந்தபோது தோட்டத்தில் எங்கள் வேதக்காரக் குடும்பங்கள் ஐந்தோ ஆறோதான். பெட்டியைத் தூக்கினவர்களில் பாதிப்பேர் கழுத்தில் உருத்திராட்சம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணனிடம் போங்கள். போனில் வேண்டாம், நேரில். விளக்கம் சொல்லாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள், பாஸ்டர் சொன்னார் என்றும் சொல்லாதீர்கள். "அண்ணே, அன்னிக்கு உன் கை நடுங்கினதைப் பார்த்தேன்" என்று என்னிடம் எழுதினதை அவரிடம் சொல்லுங்கள். முதல் தடவை கதவைத் திறக்காமலும் போகலாம். வருடத் திதி வரும்போது போய்ச் சமையலறையில் காய் நறுக்குங்கள். உங்களுக்கு அதைவிட நன்றாக எது தெரியும்?

இருப்பதா, விலகுவதா

ஒரு சபையை விட்டால் ஆண்டவரை விட்டதாகாது. ஆனால் அது சின்ன ஊர், உங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அந்த மாடியில்தான், பையனின் நண்பர்களும் அங்கேதான். விலகினால் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் மூன்று மாதம் ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போவேன். பாஸ்டரிடம் தனியாகப் போகாமல் கணவரையோ அந்த வராந்தாக்காரரையோ கூட்டிக்கொண்டு போய், "உடம்பு சரியில்லை, டாக்டர் பார்க்கிறார், கடன் இருக்கிறது, பொருத்தனையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஞாயிறு மட்டும் வருவேன்" என்று ஐந்து வாக்கியம் சொல்வேன். அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதில் உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். "முதலில் உடம்பைப் பாரம்மா" என்றால் அவர் மேய்ப்பர்தான், வழிதவறின மேய்ப்பர், அவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அடுத்த ஞாயிறு மேடையிலிருந்து பெயர் சொல்லாமல் உங்களைத் தாக்கினால், மூன்று மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஊர்களில் மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கத் தமிழ் ஆராதனை எங்கே இருக்கிறது என்று விசாரித்து ஒரு முறை போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

"என் கடிதம் இல்லாமல் உன் மகளுக்குக் கல்யாணம் எப்படி நடக்கும், நீ செத்தால் யார் அடக்கம் பண்ணுவார்" என்று பாஸ்டர் சொன்னதாக எழுதினீர்கள். கல்யாணத்தைத் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்யலாம், அதற்கு எந்தப் பாஸ்டரின் கடிதமும் வேண்டாம். அடக்கத்துக்குப் பல ஊர்களில் ஊராட்சி மன்றத்தின் இடுகாட்டிலேயே கிறிஸ்தவர்களுக்கு இடம் உண்டு. உங்களுக்கு அவசரமும் இல்லை.

போலீஸ் விஷயம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குற்றமென்று சொல்ல ஒன்றும் தெரியவில்லை. பேஸ்புக் வேண்டவே வேண்டாம். "கொள்ளையடிக்கிறான்" என்று ஒரு வார்த்தை போட்டாலும் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பலாம், அதற்குச் செலவழிக்க இன்னொரு சங்கிலி இல்லை. சபை சங்கப் பதிவிலாகாவில் பதிவானதாக இருந்தால் ஆண்டுக் கூட்டமும் கணக்கும் இருக்க வேண்டும். உறுப்பினர் என்ற முறையில் கட்டட நிதியில் எவ்வளவு சேர்ந்தது, எங்கே இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் கேட்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். உங்களைப் போல அட்டை எழுதினவர்கள் அந்த மாடியில் இன்னும் எத்தனை பேரோ, அவர்களும் யார் முதலில் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, திங்கட்கிழமை கிளினிக். மறுபடி எழுதும்போது ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்ற எண்ணையும் எழுதுங்கள். இந்த முறை அதை முதல் வரியில் போடுங்கள்.